மருத்துவமனை டயட்டீஷியன் ஆவது எப்படி? நான்காம் படிவம் முதல் சொந்தக் கிளினிக் வரை, கோலாலம்பூர், பினாங்கு மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நியூட்ரிஷன் பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவமனையில் டயட்டீஷியன் வேலைக்கு மனு போட்டால், அந்த மனு முதல் சுற்றிலேயே நின்றுவிடும். "ரெண்டும் ஒண்ணுதானே" என்று நம்பிச் சேர்ந்து, நான்கு வருடம் கழித்து விஷயம் தெரிந்து விழித்தவர்கள் நம் பிள்ளைகளில் நிறைய. அதனால் முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

நியூட்ரிஷனிஸ்ட், அதாவது ஊட்டச்சத்து நிபுணர், பெரும்பாலும் நோயில்லாதவர்களோடு வேலை செய்பவர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, கிராமத்துத் தாய்சேய் நலம், உணவுத் தொழிற்சாலை, ஆய்வு ஆகியவை அவருடைய களம். டயட்டீஷியன் வார்டுக்குள் நுழைபவர். சிறுநீரகம் பழுதானவருக்கு எத்தனை கிராம் புரதம், குழாய்வழி உணவு எடுப்பவருக்கு மணிக்கு எத்தனை மில்லி, இன்சுலின் போடுபவருக்கு எத்தனை பங்கு மாவுச்சத்து என்று கணக்கிட்டு, அதை நோயாளியின் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போடுபவர் அவர். அரசாங்கத்திலும் இவை இரண்டு தனித்தனிப் பதவிகள்: ஒன்று பெகாவாய் சயின்ஸ் பெமாகானான், மற்றது பெகாவாய் டயட்டெடிக். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்றில்லை. ஆனால் ஒன்றுக்குள் போய்விட்டு மற்றதற்குத் தாவுவது சுலபமில்லை.

படி 1: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலோர் "எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும்" என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கடைசிக் கதவு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அந்தக் கதவு 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774. மலேசியாவில் டயட்டீஷியனாகத் தொழில் செய்ய, அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். மன்றம் ஏற்காத பட்டத்துக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் மருத்துவமனை வேலையும் இல்லை.

ஆகவே எந்தக் கல்லூரியின் விளம்பரத் தாள் கைக்கு வந்தாலும் கேட்க வேண்டியவை மூன்று. பட்டத்தின் பெயரில் டயட்டெடிக்ஸ் என்ற சொல் இருக்கிறதா? மலேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தத் திட்டம் முழு அங்கீகாரத்தோடு இருக்கிறதா, இல்லை தற்காலிக அனுமதி மட்டும்தானா? இதற்கு முன் அதே திட்டத்தில் படித்து வெளியேறியவர்கள் டயட்டீஷியனாகப் பதிவு பெற்றிருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு ஆலோசகர் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். "நியூட்ரிஷன் வித்" என்று தொடங்கும் பட்டங்களில் குறிப்பாகக் கவனம் வேண்டும். "டயட்டெடிக்ஸ் வித் நியூட்ரிஷன்" என்பது வேறு, "நியூட்ரிஷன் வித்" வேறு ஏதாவது என்பது வேறு.

தமிழ்நாட்டில் உணவியல் படிக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் பலர். படிக்கலாம். ஆனால் விமான டிக்கெட் வாங்குவதற்கு முன், அந்தக் கல்லூரியின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் எழுதி மன்றத்திடம் எழுத்துவழிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் வாயால் தரும் உத்தரவாதம் எதற்கும் உதவாது.

படி 2: நான்காம் படிவப் பாடத்தேர்வு

பதினாறு வயதில் எடுக்கும் முடிவுதான், ஆனால் இங்கேயே பாதிப் பேர் வெளியேறிவிடுகிறார்கள். எஸ்.பி.எம். தேர்வில் உயிரியலும் வேதியியலும் வேண்டும். அவற்றோடு இயற்பியல் அல்லது கணிதம். இவை உட்பட ஐந்து பாடங்களில் கிரெடிட் என்பது அடித்தளம். போட்டி மிகுந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அது போதாது. "வேதியியல் கஷ்டம்" என்று கணக்கியல் பேக்கேஜுக்கு மாறும் பிள்ளைக்கு இந்தத் துறையின் கதவு அன்றே சாத்தப்படுகிறது.

மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் அரசுப் பல்கலைக்கழகமும் அரசு வேலையும் கிடையாது. வரலாற்றில் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவர்கள் அறிவியலுக்கு மட்டும் டியூஷன் போய்விட்டு மலாய்மொழியை விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். அறிவியலில் ஏ எடுத்துவிட்டு மலாயில் டி எடுத்தால் எல்லாம் வீண்.

படி 3: எஸ்.பி.எம்.முக்குப் பிறகு

மூன்று பாதைகள் உண்டு. ஆறாம் படிவம், மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு. செலவு மிகக் குறைவு, படிப்பு கடினம். உயிரியல், வேதியியல் இரண்டையும் எடுங்கள், மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தது மெட்ரிகுலேஷன், ஒரு வருடம். பூமிபுத்ரா அல்லாதாருக்கு இடம் குறைவு. 2024இல் அரசாங்கம் 10ஏ, அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் தருவதாக அறிவித்தது. மூன்றாவது, பல்கலைக்கழக அடித்தளக் கல்வி. தனியாரில் இதற்கு ஒரு வருடமும் கணிசமான பணமும் ஆகும்.

வசதி குறைந்த குடும்பமானால் ஆறாம் படிவத்தைத்தான் சொல்வோம். "ஃபார்ம் சிக்ஸா, அது வேண்டாம்" என்று முகம் சுளிப்பது பழைய பழக்கம். அந்தச் சான்றிதழுக்கு வெளிநாடுகளிலும் மதிப்பு உண்டு.

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. என்ற மத்தியச் சேர்க்கைத் தளம் வழியாகத்தான் விண்ணப்பம். மெரிட் கணக்கில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்து விழுக்காட்டை அற்பமாக நினைக்காதீர்கள். ஒரே புள்ளி எடுத்த இருவரில் செம்பிறைச் சங்கத்திலோ சாரணரிலோ மாநில அளவில் போனவர் உள்ளே போவார்.

படி 4: எங்கே படிப்பது

கோலாலம்பூர் வட்டாரத்தில் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். யூ.கே.எம். பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகம் ஜாலான் ராஜா மூடா அப்துல் அசீஸில் இருக்கிறது. டயட்டெடிக்ஸ் அங்கேதான், பாங்கியில் அல்ல. செர்டாங்கில் யூ.பி.எம்., பூஞ்சாக் ஆலாமில் யூ.ஐ.டி.எம். யூ.ஐ.டி.எம். பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால் நம் பட்டியலில் வராது. தனியாரில் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யூ. நீண்ட காலமாக இந்தப் பட்டத்தைத் தருகிறது.

யூ.கே.எம்., யூ.பி.எம். இரண்டிலும் டயட்டெடிக்ஸுக்குப் பக்கத்திலேயே நியூட்ரிஷன் பட்டமும் உண்டு. யூ.பி.யூ. படிவத்தில் அடுத்தடுத்த வரியில் வரும். குறியீட்டு எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்.

பினாங்குக்காரர்கள் விழும் குழி வேறு. யூ.எஸ்.எம். என்றதும் குளுகோர் வளாகம் என்று நினைத்து, வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். யூ.எஸ்.எம்.மின் டயட்டெடிக்ஸ் பட்டம் இருப்பது கிளந்தான் மாநிலம் குபாங் கெரியானில், சுகாதார வளாகத்தில். குளுகோரில் உள்ளது உணவுத் தொழில்நுட்பம். அது தொழிற்சாலைக்கான படிப்பு. பட்டர்வொர்த் பிள்ளை நான்கு வருடம் கோத்தா பாருவில் விடுதியில் இருக்கத் தயாராக வேண்டும். அது பெரிய இழப்பு இல்லை. வளாகத்துக்குள்ளேயே பல்கலைக்கழக மருத்துவமனை இருப்பதால் வார்டு அனுபவம் நன்றாகக் கிடைக்கும்.

பணம். அரசில் நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரம் ரிங்கிட்டில் முடியும். தனியாரில் ஒரு லட்சத்தைத் தாண்டும் திட்டங்கள் உண்டு. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் முழுத்தொகைக்கு வராது, மிச்சத்தைக் குடும்பம்தான் போட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துச் சேர்க்கும் முன், தொடக்கச் சம்பளம் மருத்துவர் சம்பளம் அல்ல என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

படி 5: நான்கு ஆண்டுகளில் என்ன நடக்கும்

முதல் இரண்டு ஆண்டு உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல். சமையல் கற்கலாம் என்று வந்தவர்கள் திகைக்கும் இடம் இதுதான். உயிர்வேதியியலில் தடுமாறுபவர்கள் அதிகம். மனப்பாடம் செய்தால் தேர்வில் தப்பிக்கலாம், மூன்றாம் ஆண்டில் மாட்டிக்கொள்வீர்கள். இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோனை ஏன் உண்டாக்குகிறது என்று சொந்த வார்த்தையில், தமிழிலேயே, பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்க முடிகிறதா? அதுதான் சோதனை.

மூன்றாம் ஆண்டிலிருந்து நோய்வாரியான உணவுச் சிகிச்சை, ஆலோசனைக் கலை, புள்ளியியல், பெருஞ்சமையல் நிர்வாகம். பிறகு களப்பயிற்சி: மருத்துவமனை வார்டு, சமூகச் சுகாதாரம், மருத்துவமனைச் சமையற்கூடம் என்று மூன்று பகுதி. அனைத்துலக டயட்டீஷியன் கூட்டமைப்பு குறைந்தது 500 மணி நேரக் கண்காணிப்புப் பயிற்சியை அளவுகோலாக வைத்திருக்கிறது.

படி 6: வார்டுப் பயிற்சி, இங்கேதான் ஆள் உருவாகிறார்

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பயிற்சியில் தேறாதவர்கள் பாடம் தெரியாததால் விழுவது குறைவு. கேட்கத் தெரியாமல்தான் விழுகிறார்கள்.

செந்தூலிலிருந்து வந்த, இனிப்புநீர் உள்ள ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 10க்கு மேல்.

"காலையில என்ன பசியாறுனீங்க, ஆண்ட்டி?"

"தோசதாம்மா."

மாணவர் "தோசை" என்று எழுதிவிட்டு மதியத்துக்குப் போய்விடுவார். முதல் தவறு அதுதான். எத்தனை, எவ்வளவு பெரியது, எதில் தொட்டுக்கொண்டது, வீட்டிலா கடையிலா, குடித்தது என்ன: இந்த ஐந்தும் கேட்காமல் அடுத்த வேளைக்குப் போகக் கூடாது. கேட்டால் மூன்று தோசை என்று வரும். கையோடு ஒரு தட்டைக் காட்டி அளவு கேட்டால் 20 சென்டிமீட்டர் என்று தெரியும். குடித்தது டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டிப் பால்.

இப்போது கணக்கு. மாவுச்சத்தில் ஒரு பங்கு என்றால் 15 கிராம். மலேசிய மருத்துவமனைகளில் புழங்கும் பட்டியலில் 20 சென்டிமீட்டர் தோசையில் பாதி ஒரு பங்கு. அதே அளவு சப்பாத்தியில் மூன்றில் ஒன்று ஒரு பங்கு. ஒரு இட்டிலி ஒரு பங்கு, ஒரு இடியாப்பம் ஒரு பங்கு, அரைக் கப் சோறு ஒரு பங்கு. ஆக மூன்று தோசை ஆறு பங்கு, 90 கிராம். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய 10 கிராம், இரண்டுக்கு 20. காலையில் மட்டும் 110 கிராம். இவருக்கு நாளுக்கு 1500 கிலோ கலோரி, அதில் பாதி மாவுச்சத்திலிருந்து என்று வைத்தால் மொத்தமே சுமார் 187 கிராம், பன்னிரண்டு பங்குதான். ஐந்தில் மூன்று பாகம் பசியாறும்போதே தீர்ந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்காத மாணவர் என்ன சொல்வார்? "ஆண்ட்டி, சோத்தைக் குறைங்க." அதற்கு அவர், "மத்தியானம் சோறே தொடறதில்லையேம்மா, அதான் உனக்கு முன்னாடி வந்த டாக்டர் சொன்னாரே" என்பார். உண்மையும் அதுதான். சோற்றைக் குறைத்துவிட்டு, பசி தாங்காமல் காலையில் ஒரு தோசை கூடப் போயிருக்கிறது. சரியான ஆலோசனை ஒன்றரைத் தோசை, சாம்பாரில் பருப்பும் காய்கறியும் கூடுதலாக, டின் பாலுக்குப் பதில் சர்க்கரை சேர்க்காத பால், மதியத்துக்கு ஒரு கப் சோறு திரும்பவும். சோற்றைத் திருப்பிக் கொடுக்கும் டயட்டீஷியனை நோயாளி நம்புவார், அடுத்த முறையும் வருவார்.

2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. தமிழில் தோசைக் கணக்குக் கேட்கத் தெரிந்தவர் வார்டில் எவ்வளவு தேவைப்படுகிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நோன்பு மாதத்துக்கு மருத்துவமனைகளில் தனி அறிவுரை உண்டு. சஷ்டி விரதமும் தைப்பூச விரதமும் யாரும் கேட்காமல் போகின்றன. சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லஸைடு மாத்திரையைப் போட்டுவிட்டு நாள் முழுக்கப் பாலும் பழமும் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். அதைக் கேட்டறிந்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது உங்கள் வேலை.

கோப்பில் எழுதும் முறை அடுத்தது. மதிப்பீடு, உணவுசார் கண்டறிதல், தலையீடு, கண்காணிப்பு என்ற நான்கு கட்டம். இதில் இரண்டாவதில்தான் மாணவர்கள் அடி வாங்குவார்கள். "இனிப்புநீர்" என்று எழுதினால் அது மருத்துவரின் கண்டறிதல், உங்களுடையது அல்ல. பிரச்சினை, காரணம், சான்று மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்: "மாவுச்சத்து மிகுதியாக உட்கொள்ளல், காரணம், பங்கு அளவு தெரியாமை, சான்று, காலை உணவில் மட்டும் 110 கிராம், எச்பிஏ1சி 10க்கு மேல்." காரணத்தில் எழுதியதைத்தான் தலையீட்டில் சரிசெய்ய வேண்டும். காரணம் அறியாமை என்று எழுதிவிட்டுத் தலையீட்டில் சத்துமாவு எழுதியிருந்தால் மேற்பார்வையாளர் சிவப்பு மையை எடுப்பார்.

குழாய்வழி உணவு. 60 கிலோ நோயாளி, கிலோவுக்கு 25 கிலோ கலோரி என்றால் 1500. ஒரு மில்லியில் ஒரு கிலோ கலோரி உள்ள மருத்துவ உணவுப் பால் என்றால் 1500 மில்லி, 250 மில்லியாக ஆறு வேளை. கணக்கு முடிந்தது என்று மாணவர் பேனாவை மூடுவார். புரதத்தைப் பாருங்கள். அந்த வகைப் பாலில் லிட்டருக்கு 40 கிராம் புரதம் என்றால் மொத்தம் 60 கிராம். நோயின் கடுமையால் இவருக்குத் தேவை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 72 முதல் 90. குறைந்தது 12 கிராம் பற்றாக்குறை. புரதத் தூள் சேர்க்க வேண்டும், அல்லது பாலை மாற்ற வேண்டும். எழுதிக் கொடுத்ததும் உள்ளே போனதும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ஸ்கேனுக்குப் போனபோது இரண்டு வேளை நின்றிருந்தால் போனது 1000 மில்லிதான். தாதியின் திரவக் குறிப்பேட்டைப் பார்க்காமல் "1500 எடுக்கிறார்" என்று எழுதுவது பொய்க்கணக்கு.

நெடுநாள் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக வந்தவருக்கு முழு அளவும் முதல் நாளே கொடுத்தால் ஆபத்து. உடல் திடீரென மாவுச்சத்தை எரிக்கத் தொடங்கும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் செல்லுக்குள் ஓடிவிடும், இதயம் தடுமாறும். கிலோவுக்கு 10 முதல் 20 கிலோ கலோரியில் தொடங்கி, தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கச் சொல்லி, இரத்த அளவுகளைத் தினம் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

சிறுநீரகத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொல்கிறோம். இனிப்புநீரும் சேர்ந்தவருக்கு கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம். டயாலிசிஸ் தொடங்கியபின் தேவை 1.0 முதல் 1.2 கிராமாக ஏறிவிடும். குடும்பம் பழைய தாளையே சுவரில் ஒட்டி வைத்து, மீனைக் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கும். நோயாளி மெலிந்துகொண்டே போவார். "தாளை மாத்துங்க" என்று சொன்னால் மட்டும் போதாது. தீப்பெட்டி அளவு மீன் அல்லது கோழி ஒரு துண்டில் 7 கிராம் புரதம் என்று கையால் காட்டி, நாளுக்கு எத்தனை தீப்பெட்டி என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நட்சத்திரப் பழம், அதாவது ஐந்து விளிம்புள்ள பெலிம்பிங், சிறுநீரக நோயாளிக்கு நரம்பு நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை போகும். இதைச் சொல்ல மறக்கவே கூடாது.

சமையற்கூடப் பயிற்சியைப் பலர் தூங்கி வழிந்தே கழிப்பார்கள். அங்கே கற்க வேண்டியது உணவின் பதம். பக்கவாதம் வந்து விழுங்க முடியாதவருக்கு வீட்டிலிருந்து கஞ்சி வரும். கஞ்சி மெதுவானது, நல்லதுதானே என்று தோன்றும். தண்ணீர் மேலேயும் பருக்கை கீழேயும் நிற்கும் கஞ்சியில் இரண்டு பதம் கலந்திருக்கிறது. வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உணவின் பதத்தை நிலைகளாகப் பிரிக்கும் அனைத்துலக அளவுகோலின் நான்காம் நிலைக் கூழ் கரண்டியில் உருவம் கலையாமல் நிற்க வேண்டும், சாய்த்தால் ஒரே கட்டியாக விழ வேண்டும். வீட்டார் முன் ஒருமுறை செய்து காட்டுங்கள், அச்சிட்ட தாளைவிட அது நிலைக்கும்.

படி 7: பதிவும் முதல் வேலையும்

இறுதி மதிப்பெண் வந்தவுடன் மன்றத்தில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள், பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம். சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும்; முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். 1994இல் அமைந்த மலேசிய டயட்டீஷியன் சங்கத்தில் சேர்ந்தால் பயிலரங்குகளும் வேலை அறிவிப்புகளும் எளிதில் கண்ணில் படும்.

அரசு வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத் தளத்தில் பதிய வேண்டும். பதவியின் தரம் முன்பு யூ41, 2024 டிசம்பரில் புதிய ஊதிய முறை வந்தபின் யூ9. ஒப்பந்த அடிப்படையில் தொடங்குவோரும் உண்டு. கோலாலம்பூர் பொது மருத்துவமனையோ பினாங்கு மருத்துவமனையோ கேட்டால் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். சபா, சரவாக் உட்பட எங்கும் போடலாம். எங்கள் கருத்தில் முதல் இரண்டு ஆண்டு சிறிய அரசு மருத்துவமனை மிக நல்லது. பெரிய இடத்தில் உங்களுக்கு ஒரு வார்டுதான். சிறிய இடத்தில் குழந்தை முதல் முதியவர் வரை எல்லாரும் உங்களிடம்தான் வருவார்கள்.

தனியாரில் நேர்முகத் தேர்வு என்பது பெரும்பாலும் ஒரு கேஸ் தாள். இருபது நிமிடத்தில் கணக்கிட்டு, ஆலோசனையை நடித்துக் காட்ட வேண்டும். ஜார்ஜ்டவுன் தனியார் மருத்துவமனைகளில் மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் நோயாளிகள் ஏராளமாக வருவார்கள். ரொட்டி சானாய் பட்டியல் அவர்களுக்கு உதவாது. லொந்தோங், தெம்பே, மீ ஆயாம் அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். ஹொக்கியன் நாலு வார்த்தை தெரிந்தால் இன்னும் நல்லது. சம்பள ஒப்பந்தத்தில் ஒன்றைக் கேளுங்கள்: ஆலோசனைக் கட்டணத்தில் பங்கு உண்டா, மாதச் சம்பளம் மட்டுமா, உணவுப் பால் விற்பனைக்கு இலக்கு உண்டா? இலக்கு வைத்தால் உங்கள் கைப்பட எழுதும் பரிந்துரையின் நேர்மை மெல்லத் தேயும்.

படி 8: கிளைகள்

சிறுநீரகம், புற்றுநோய், தீவிர சிகிச்சை, குழந்தைகள், இனிப்புநீர்க் கல்வியாளர், விளையாட்டு. எதுவானாலும் இரண்டு மூன்று ஆண்டு பொது வார்டு அனுபவத்துக்குப் பிறகுதான். முதுகலையை வேலையில் சேர்ந்தபின் செய்தால் ஆய்வுத் தலைப்பு வார்டிலிருந்தே கிடைக்கும்.

மருத்துவ உணவுப் பால் நிறுவனங்கள் தொடக்கத்திலேயே கூடுதல் சம்பளமும் காரும் தரும். போவதில் தவறில்லை. இரண்டு ஆண்டுக்குள் திரும்பாவிட்டால் வார்டுக் கை மழுங்கிவிடும் என்பதை அறிந்து போங்கள்.

படி 9: சொந்தக் கிளினிக், இணைய ஆலோசனை

ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு முன் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அறையை வாடகைக்கு எடுப்பதைவிட, பிரிக்பீல்ட்ஸிலோ பிறையிலோ உள்ள ஒரு பொது மருத்துவரின் கிளினிக்கில் வாரம் இரண்டு மாலை உட்காருவது செலவு குறைந்த தொடக்கம். பதிவு எண்ணையும் தொழிற்சான்றிதழையும் கண்ணில் படும்படி வையுங்கள். தொழில் இழப்பீட்டுக் காப்புறுதி எடுங்கள். முதல் சந்திப்புக்கு 45 நிமிடம், அடுத்ததற்கு 20 நிமிடம் என்று கட்டணத்தைப் பிரித்து வையுங்கள். தொடர்ச் சந்திப்பு மலிவாக இல்லையென்றால் ஆள் திரும்ப வரமாட்டார்.

விளம்பரத்தில் "இனிப்புநீரைக் குணப்படுத்துகிறோம்" என்று போடாதீர்கள். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இனிப்புநீர், இரத்த அழுத்தம், புற்றுநோய், சிறுநீரக நோய் உட்பட 20 நோய்களுக்கு அப்படிப்பட்ட விளம்பரத்தைத் தடுக்கிறது. பக்கத்துக் கடைவீட்டில் ஷேக் பானம் விற்கும் "நியூட்ரிஷன் கோச்" அப்படிப் போடுகிறாரே என்றால், அவரிடம் இழக்கப் பதிவு எண் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

வெளிநாடு போகும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் ஒன்றைச் செய்து வையுங்கள். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் முன், ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும், வார்டுவாரியாகப் பயிற்சி மணி நேரம் எழுதிய பதிவேட்டையும், துறைத் தலைவரின் கையெழுத்து, முத்திரையோடு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ தகுதியைச் சரிபார்க்கும்போது இவற்றைத்தான் கேட்பார்கள். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பாடக் குறியீடுகள் மாறியிருக்கும், கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெற்றிருப்பார்.